எங்கள் ஊர்க் கைவைத்தியம்: கொள்ளுவன எவை? தள்ளுவன எவை?

(இளம் அறிவியல், தாவரவியல், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது பழமொழி. அவை வராத வீடு உலகில் இல்லை. ஆகவே அவற்றுக்கு ஏதேனும் ஒரு வைத்தியம் அறியாத வீடும் இல்லை. ஆஸ்பத்திரியும் மருந்துக் கடையும் எட்டாத காலத்தில் நம் முன்னோர் அடுப்பங்கரையையும் வேலியோரத்தையுமே மருந்துச் சாலையாகக் கொண்டு வாழ்ந்தனர். இதனையே கைவைத்தியம் என்றும் பாட்டி வைத்தியம் என்றும் வழங்குகிறோம்.

மீன்சுருட்டி எங்கள் ஊர். அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகில், செம்மண்ணும் முந்திரித் தோப்புகளும் சூழ அமைந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வகுப்பில் 'ஜஸ்டிசியா அடதோடா' என்று படித்த செடி, எங்கள் கொல்லை வேலியில் நிற்கும் ஆடாதொடைதான் என்று கண்டபோது ஏற்பட்ட வியப்பே இக்கட்டுரைக்கு வித்து. என் அப்பாயியிடமும் எங்கள் தெரு மூத்தோர் சிலரிடமும் கேட்டறிந்தவற்றை விஞ்ஞானம் கண்ட உண்மைகளோடு ஒப்பிட்டு, கொள்ளத்தக்கன எவை, தள்ளத்தக்கன எவை என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆயிரம் ஆண்டுக்கு முன்

இம்மண்ணுக்கும் மருத்துவத்துக்கும் உள்ள தொடர்பு பழைமையானது. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட வீரராசேந்திர சோழன் (கி.பி. 1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று, பாலாற்றங்கரையில் உள்ள திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் காணப்படுகிறது. அங்கு 'வீரசோழன்' என்னும் பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்று நடந்தது. மருத்துவர் ஒருவரும், அறுவை செய்வார் ஒருவரும், மூலிகை கொணர்வோரும், நோயாளரைப் பேணும் பெண்டிரும் அங்குப் பணியாற்றினர். ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் அக்கல்வெட்டில் உண்டு. அப்பட்டியலில் 'வாசாஹரீதகி' என்பது ஒன்று. வாசா என்பது ஆடாதொடை. ஹரீதகி என்பது கடுக்காய். எங்கள் கொல்லை வேலிச் செடி, ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசனின் ஆதுலர் சாலையில் இடம் பெற்றிருந்தது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தியன்றோ!

ஆனால் பழைமை என்ற ஒன்றே ஒரு மருந்துக்குச் சான்றாகிவிடாது. நாம் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்க வேண்டும்.

சளியும் இருமலும்

இருமல் என்றதும் எங்கள் ஊரில் முதலில் ஒடிப்பது ஆடாதொடை இலையைத்தான். இலையை மிளகுடன் கொதிக்க வைத்து வடிகட்டிக் குடிப்பர். அதன் கசப்பை நினைத்தாலே பாதி இருமல் ஓடிவிடும் என்பது வேடிக்கைப் பேச்சு. அக்கசப்புக்குக் காரணமானவற்றுள் ஒன்று 'வாசிசின்' என்னும் ஆல்கலாய்டு. இந்த வாசிசினின் அமைப்பை முன்மாதிரியாக வைத்தே வேதியியலார் 'புரோம்ஹெக்சின்' என்ற மருந்தை உருவாக்கினர். அதன் வழிவந்ததே 'அம்ப்ராக்சால்'. கெட்டிச் சளியை நெகிழ்த்தி வெளிக்கொணர்வதற்காக மருந்துக் கடையில் விற்கும் இருமல் மருந்துகள் பலவற்றில் இவற்றுள் ஒன்று இருக்கக் காணலாம். வேலியில் இருந்தது புட்டிக்குள் சென்று மீண்டும் நம் ஊருக்கே வந்திருக்கிறது எனலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. வாசிசினுக்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆற்றல் உண்டு. ஆகவே கருவுற்ற பெண்கள் ஆடாதொடைக் கஷாயம் குடிக்கலாகாது.

மூக்கடைப்புக்கு நொச்சி இலையும் மஞ்சளும் போட்டு வேது பிடிப்பது மற்றொரு வழக்கம். குழந்தைகளுக்கு ஓமவல்லி இலையை வாட்டிச் சாறு பிழிந்து தருவர். ஓமத்தில் உள்ள 'தைமால்', ஓமவல்லியில் உள்ள 'கார்வக்ரால்' முதலிய ஆவியாகும் எண்ணெய்கள் சில கிருமிகளைத் தடுக்க வல்லவை என ஆய்வுக்கூடத்தில் கண்டுள்ளனர். எனினும் சாதாரணச் சளி வைரஸால் வருவது. மருந்து குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானே நீங்கக்கூடியது. ஆகவே வேது பிடிப்பது நோயைத் தீர்க்கிறது என்பதைவிட, தீரும்வரை துன்பத்தைக் குறைக்கிறது என்பதே சரி. சிறு குழந்தைகளைக் கொதிக்கும் பானையருகே உட்கார வைப்பது கூடாது. வெந்நீர் கவிழ்ந்து புண்ணாகும் ஆபத்து உண்டு.

மஞ்சளும் எழுத்தும்

வெட்டுக் காயத்துக்கு மஞ்சள் வைப்பதை அறியாத தமிழர் இல்லை. ஆயினும் 1995-ஆம் ஆண்டு, காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை பெற்றது. நம் நாட்டின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம் அதனை எதிர்த்து வழக்காடியது. 'எங்கள் பாட்டிமார்கள் அறிந்தது' என்று சொன்னால் போதவில்லை. எழுத்துச் சான்று கேட்கப்பட்டது. பழைய நூல்களிலிருந்தும் அச்சான கட்டுரைகளிலிருந்தும் சான்று காட்டிய பின்னரே 1997-இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. 2001-இல் நம் நாட்டின் மரபறிவுக்கான மின் நூலகம் தொடங்கப்பட்டதற்கு இத்தகைய வழக்குகளே தூண்டுகோல்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? எழுதி வைக்காத அறிவு, உடையவன் இருந்தும் உரிமையற்ற சொத்தாகிவிடுகிறது.

முந்திரிக்காட்டு வைத்தியம்

எங்கள் பகுதிக்கே உரிய ஒரு துன்பம் உண்டு. முந்திரிக் கொட்டை உடைப்போர் கைகளில் அதன் ஓட்டுப் பால் பட்டு, தோல் கறுத்து வெந்து உரியும். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்க்கு முந்திரிப் பருப்பின் உண்மை விலை விளங்கும். என் அம்மாவின் கைகளும் அவ்வாறானவையே. அந்தக் கைகள் ஈட்டிய பணத்தில்தான் நான் புத்தகம் வாங்கினேன்.

இதற்கு எங்கள் ஊர் வழக்கம், வேலைக்கு உட்காரும் முன்பே கையில் எண்ணெய் பூசிக்கொள்வதும், வேலையினிடையே சாம்பல் தொட்டுக்கொள்வதும் ஆகும். இது வெறும் பழக்கமா, காரணம் உடையதா? ஓட்டுப் பாலில் உள்ளவை 'அனகார்டிக் அமிலம்', 'கார்டால்' என்னும் பொருள்கள். இவை நீண்ட கொழுப்புச் சங்கிலி உடையவை. ஆதலால் நீரில் கரையா, எண்ணெயில் கரையும். வெறும் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் போகாது. முன்பே பூசிய எண்ணெய் தோலுக்கும் அப்பாலுக்கும் இடையே திரையாக நிற்கிறது. சாம்பல் ஒட்டிய பாலை உறிஞ்சிக்கொள்கிறது. வேலை முடிந்ததும் எண்ணெய் தேய்த்துத் துடைத்துப் பின் சோப்புப் போட்டுக் கழுவினால் மேலும் நன்று. சேராங்கொட்டையும் மாம்பாலும் தோலைப் புண்ணாக்குவது இதே குடும்பப் பண்பால்தான். இவை யாவும் 'அனகார்டியேசி' குடும்பத்தைச் சேர்ந்தவை.

இங்கே கைவைத்தியம் சரியாகவே உள்ளது. எனினும் எண்ணெயைவிட ரப்பர் கையுறை மேலானது. கையுறை அணிந்தால் விரைவு குறைகிறது, விரைவு குறைந்தால் கூலி குறைகிறது என்று அம்மா கூறுகிறார். மருந்து அறிந்திருந்தும் நோய் நீங்காமைக்கு வறுமையும் ஒரு காரணம் என்பதனை நாம் மறத்தலாகாது.

உப்புக் கஞ்சியின் வெற்றி

வயிற்றுப்போக்குக்கு எங்கள் வீட்டில் கொடுப்பது அரிசிக் கஞ்சியில் உப்பிட்டு வடித்த நீர். இந்த எளிய கஞ்சிக்கு ஒப்பான ஒன்றுதான் பல இலட்சம் உயிர்களைக் காத்தது. 1971-இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது எல்லையை ஒட்டிய பங்காவ் அகதி முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலநபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 2022-இல் மறைந்த அவருக்கு மறுஆண்டு பத்மவிபூஷண் வழங்கப்பட்டது.

இதன் தத்துவம் எளிது. குடலின் சுவரில் குளுக்கோசும் சோடியமும் கைகோத்தே உள்ளே செல்லும். அவற்றைப் பின்தொடர்ந்து நீரும் செல்லும். உப்பு மட்டும் கொடுத்தாலோ, நீர் மட்டும் கொடுத்தாலோ பயன் குறைவு. கஞ்சியில் உள்ள மாவுச்சத்து செரித்துக் குளுக்கோசாகிறது. உப்பு சோடியம் தருகிறது. சுகாதார நிலையத்தில் தரும் உப்புச் சர்க்கரைப் பொட்டலமே முதன்மையானது. அது கிடைக்கும்வரை, ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து கலந்து கொடுக்கலாம். உப்பு கூடினால் தீங்கு நேரும்.

இதற்கு நேர்மாறான ஒரு நம்பிக்கையும் எங்கள் ஊரில் உண்டு. 'பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணி காட்டாதே. தண்ணி குடித்தால் இன்னும் போகும்' என்பர். பேதியைவிட இந்த வாக்கே கொடியது. ஒரே தெருவில் உயிர் காக்கும் அறிவும் உயிர் போக்கும் அறியாமையும் அடுத்தடுத்த திண்ணைகளில் உட்கார்ந்திருப்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கீழாநெல்லி தரும் பாடம்

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழகம் முழுவதும் வழங்கும் வைத்தியம். வேருடன் பிடுங்கி அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பர். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் சேர்ந்து, 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவ்வைரஸைச் சுமப்போருள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர்ப் பிற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் கிட்டவில்லை. விஞ்ஞானத்தில் ஒரு முறை வெற்றி போதாது. மீண்டும் மீண்டும் வெற்றி வேண்டும்.

அப்படியானால் கீழாநெல்லி குடித்துக் குணமானவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. காமாலை என்பது ஒரு நோயன்று. பல நோய்களின் அடையாளம். அசுத்த நீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ போன்றவை பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தாமே தீரும். அப்போது கையில் இருந்த மருந்துக்குப் புகழ் சேர்கிறது. எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல், பித்தப்பைக் கல் ஆகியவற்றால் வரும் காமாலையோ அவ்வாறு விட்டுப்போகும் என்று நம்பியிருக்க முடியாது.

என் சித்தப்பாவுக்குக் காமாலை கண்டபோது, பெரியோர் பலரும் பத்தியம் இருந்தால் போதும் என்றனர். அப்பாயியும் இரண்டு நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் சித்தப்பாவுக்கு உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தது. மலம் சுண்ணாம்பு போல் வெளுத்தது. உடனே அப்பாயி என் அப்பாவை அழைத்து, "ஏம்ப்பா, இது நம்ம பச்சிலைக்கு அடங்குற காமாலை இல்ல. தம்பிய பெரியாஸ்பத்திரிக்கு அழைச்சிக்கிட்டுப் போங்க" என்றார். பித்தநாளத்தில் கல் அடைத்திருப்பதாக அங்குக் கண்டனர். அடைப்பினால் பித்தநீர் குடலுக்கு வராததே மலம் வெளுத்ததற்குக் காரணம். எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிக்கு இக்காரணம் தெரியாது. ஆனால் தம் மருந்தின் எல்லை தெரிந்திருந்தது. உண்மையான கைவைத்தியரின் இலக்கணம் இதுவே என்பது என் கருத்து.

தள்ள வேண்டியவை

பச்சிலை என்பதாலேயே அது தீங்கற்றது என்று எண்ணுதல் தவறு. சில எடுத்துக்காட்டுகள் காண்போம்.

வசம்பு: 'பிள்ளை வளர்ப்பான்' என்று போற்றப்படுவது. சுட்டு உரைத்துத் தேனில் குழைத்துக் கைக்குழந்தையின் நாவில் தடவுவர். வசம்பில் உள்ள 'பீட்டா அசரோன்' என்னும் பொருள் எலிகளிடம் புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்க அரசு 1968-இல் உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனும் ஆகாது. தேனில் சில வேளை இருக்கும் நுண்ணுயிர் வித்து அதன் குடலில் நஞ்சை உண்டாக்கக்கூடும்.

குப்பைமேனி: சொறி சிரங்குக்கு மேலே பூசுவது பழைய வழக்கம். ஆனால் உள்ளுக்குச் சாப்பிடுவதில் கவனம் வேண்டும். இலங்கையில் குப்பைமேனி சேர்ந்த கஞ்சி குடித்த சிலருக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து உயிராபத்து நேர்ந்ததை 1996-இல் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். பிறவியிலேயே ஒரு நொதி குறைந்தவர்களுக்கே இது நேரும். தமக்கு அக்குறை உண்டா என்பதைப் பரிசோதனையின்றி அறிய இயலாது.

சூடு போடுதலும் தொக்கம் எடுத்தலும்: காமாலைக்குக் கையில் சூடிடுவதும், குழந்தையின் வயிற்றில் உணவு சிக்கியது என்று தொக்கம் எடுப்பதும் எவ்வகையிலும் பயன் தாரா. புண்ணும் கிருமியுமே மிஞ்சும்.

பாம்புக்கடி: கடிபட்டவருக்கு வேப்பிலையோ மிளகோ கொடுத்து, கசப்பும் காரமும் தெரிந்தால் விஷம் இல்லை என்று முடிவு கட்டுகின்றனர். பின்னர் மந்திரிக்கின்றனர். நஞ்சற்ற பாம்புகளே பல. நச்சுப் பாம்பும் ஒவ்வொரு கடியிலும் நஞ்சைச் செலுத்துவதில்லை. ஆகவே மந்திரித்தவருள் பலர் பிழைப்பர். மந்திரத்துக்குப் புகழ் வரும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் மாற்று, ஆஸ்பத்திரியில் ஏற்றும் விஷமுறிவு மருந்து ஒன்றே. கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. தூங்குபவர் அறியாமலேயே மூச்சு நின்றுவிடும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் சுமார் 12 இலட்சம் பேர் என 2020-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் நம்மைப் போன்ற கிராமத்தார். இறுகக் கட்டாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108-ஐ அழைப்பதே செய்யத்தக்கது.

எவ்வாறு சோதிப்பது?

ஒரு கைவைத்தியத்தைக் கேட்டவுடன் நாம் நான்கு வினாக்களை எழுப்பலாம். இந்நோய் மருந்தின்றித் தானே தீரக்கூடியதா? இம்மருந்தில் வேலை செய்யும் பொருள் எது? யாருக்கு இது கூடாது? எந்த அறிகுறி கண்டால் இதனை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும்? நான்காவது வினாவுக்கு விடை இல்லாத வைத்தியத்தை நம்பலாகாது. நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பின் தீர்க்கும் வழி காண வேண்டும் என்று வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வகுத்த முறையும் இதுவேயாகும்.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்

அயர்லாந்து நாட்டிலும் நம்மைப் போன்றே கைவைத்தியம் மிகுதி. செந்தட்டி வகைச் செடி பட்டு அரித்தால் அருகில் முளைத்த வேறொரு செடியின் இலையைத் தேய்ப்பது அங்குள்ளோர் வழக்கம். 1937 முதல் 1939 வரை அந்நாட்டு நாட்டார் வழக்காற்று ஆணையம் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் மாணவர்களைக் கொண்டு, பாட்டன் பாட்டியரிடம் கேட்டு எழுதி வரச் செய்தது. அக்குறிப்பேடுகள் இன்றும் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் காக்கப்படுகின்றன. வட அயர்லாந்தின் ஃபெர்மனா பகுதியில், ஒரு தேவாலய மண்ணைத் துணியில் முடிந்து தலையணையின் கீழ் வைத்தால் நோய் தீரும் என்ற நம்பிக்கை இருந்தது. 2018-இல் அம்மண்ணை ஆராய்ந்தோர், மருந்துக்கு அடங்காத சில கிருமிகளை ஆய்வுக்கூடத்தில் தடுக்கும் புதிய நுண்ணுயிர் ஒன்றை அதில் கண்டனர். அது இன்னும் மருந்தாகவில்லை; ஆயினும் நம்பிக்கையை ஏளனம் செய்யாமல் ஆராய்ந்ததால் கிடைத்த பயன் இது.

அங்குப் பள்ளிச் சிறுவர் செய்ததை இங்குக் கல்லூரி மாணவராகிய நாம் செய்ய இயலாதா? நம்முள் பெரும்பாலோர் கிராமங்களிலிருந்து வருகிறோம். விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு சென்று, செடியின் ஊர்ப்பெயர், பயன்படும் உறுப்பு, அளவு, நோய், விலக்கு ஆகியவற்றைக் குறித்து வரலாம். செடியை உலர்த்தித் தாளில் ஒட்டிக் கொணர்வதும் இன்றியமையாதது. ஏனெனில் சிறியாநங்கை என்று ஓர் ஊரில் ஒரு செடியைக் காட்டுவர். அடுத்த ஊரில் வேறொன்றைக் காட்டுவர். பெயர் மாறினால் மருந்தே நஞ்சாகலாம். அடையாளம் காண நம் தாவரவியல் துறை ஆசிரியர்கள் வழிகாட்டுவார்கள் என்று நம்புகிறேன்.

முடிவுரை

கைவைத்தியம் முழுவதும் மூடநம்பிக்கை என்பாரும் உளர். முழுவதும் அமுதம் என்பாரும் உளர். இருவரும் ஆராயாமல் பேசுவோரே. ஆடாதொடையும் உப்புக் கஞ்சியும் முந்திரிக்காட்டு எண்ணெயும் காரணத்தோடு நிற்கின்றன. கீழாநெல்லி இன்னும் சோதனையில் நிற்கிறது. சூட்டுக்கோலும் பாம்பு மந்திரமும் உயிருக்கு உலை வைக்கின்றன. இவற்றைப் பிரித்தறியும் கடமை, பாட்டியின் மொழியும் பாடநூலின் மொழியும் ஒருங்கே தெரிந்த நமக்கே உரியது. நமக்கு முந்திய தலைமுறைக்குப் பாடநூல் தெரியாது. நமக்குப் பிந்திய தலைமுறைக்கு அந்தப் பாட்டிமார்கள் இருக்கமாட்டார்கள். ஆகவே இப்பணியைச் செய்ய வேண்டிய காலம் இதுவே. கேட்போம்; எழுதுவோம்; ஆராய்ந்து கொள்வோம்.